மரக்காணத்தில் உப்பு வாங்கியவள்

ஊரைச் சுற்றி உப்பளமாகவே கிடக்கும் மரக்காணத்தில் ஆட்டுக்கென்று உப்பு வாங்கி வந்த ஒரே பொம்பளை நான்தான். ஊர் சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட நான் பொறுமைசாலி இல்லை. ஒவ்வொருவருக்கும் பதில் கொடுத்தேன்.

போன வருஷம் என் வெள்ளாடுகள் போட்ட எட்டுக் குட்டிகளில் ஆறுக்குப் பின்னங்கால் நிற்கவில்லை. முதலில் இடுப்பு ஆடும், பிறகு உட்கார்ந்துவிடும், பிறகு எழாது. மடியில் போட்டுப் பால் புகட்டியும் ஆறும் தங்கவில்லை.

"இந்த வருஷமும் இப்படின்னா மொத்தத்தையும் கறிக்கடைக்கு ஏத்திடுவேன், அமராவதி" என்று என் வீட்டுக்காரர் பக்கிரி சொல்லிவிட்டார்.

கால்நடை டாக்டர் தமிழ்நிலா ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். "செம்புச் சத்து ரொம்பக் கம்மியா இருக்குதுங்க. சினை ஆட்டுக்குத் தாது உப்பு குடுங்க."

"உப்பா? எங்க ஆடு உப்பளத்துலதான் மேயுது. நாள் முழுக்க வரப்பை நக்குது டாக்டர்!"

"அது சோத்து உப்புங்க. இது பேருக்குத்தான் உப்பு. செம்பு, துத்தநாகம் எல்லாம் இதுலதான் இருக்குது. நான் சொல்ற அளவுக்கு மேல போட்டுடாதீங்க, விஷமாயிடும்."

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரும் என் கொழுந்தன் கலியன் பொட்டலத்தைப் பார்த்துவிட்டான். "ஏன் அண்ணி, நாளைக்குக் கடலுக்குத் தண்ணி வாங்கி ஊத்துவீங்களா?"

"உன் வாயில ஊத்துறேன், வா" என்றேன்.

சினைக்காலம் முழுக்க ஒரு நாள் தவறாமல் அளந்து, தவிட்டில் பிசைந்து வைத்தேன். ஏழு குட்டிகள் பிறந்தன. பிறந்ததும் நின்றன. நான் நம்பவில்லை, போன வருஷமும் சிலது முதலில் நின்றதுதானே. தினமும் அவற்றின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கடந்தது. காலைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று பக்கிரி கறுப்புக் குட்டியைப் பிடிக்கப் போனார். அது ஒரே துள்ளலில் வரப்பைத் தாண்டி, கலியன் வாரி வைத்திருந்த உப்புக் குவியலின் உச்சியில் ஏறிவிட்டது. பின்னாலேயே மற்ற ஆறும் ஏறின.

"அண்ணி! உப்பெல்லாம் சரியுது! வந்து புடிங்க!"

அண்ணனும் தம்பியும் குவியலைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். ஒரு குட்டிகூடச் சிக்கவில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பக்கிரி மூச்சிரைக்க வந்து நின்றார். "காலெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஒண்ணையும் கறிக்கடைக்கு ஏத்த மாட்டேன். நீயே வந்து புடி, தாயே."

"முடியாது" என்றேன். "செத்துப்போன ஆறுக்கும் சேர்த்து ஓடட்டும்."