பின் சீட்டு இல்லாத வண்டி

கீழ்பென்னாத்தூர் எண்ணெய் மில்லுக்கு முன்னால், புளியமரத்தடியில் அம்பாசிடரைத் துடைத்துக்கொண்டிருந்தான் வேணு. எத்தனை துடைத்தாலும் நிலக்கடலைத் தூசு மறுபடி வந்து உட்கார்ந்தது. பின் சீட்டை மட்டும் கூடுதலாக ஒரு தடவை துடைப்பான். மில் முதலாளி இராமலிங்கம் அங்கேதான் உட்காருவார், அதுவும் நட்டநடுவில். இரண்டு பக்கத்துக் கண்ணாடியிலும் அவருக்கு ஊர் தெரிய வேண்டும், ஊருக்கும் அவர் தெரிய வேண்டும்.

அந்த அந்தஸ்துக்குப் போளூரில் ஒரு கல்யாணப் பந்தலில் கேடு வந்தது. அவருடைய சகலை ராமதாஸ் புது ஃபியட்டில் வந்து இறங்கினார். அம்பாசிடரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, இன்னும் இதேதானா? கெட்டி வண்டிதான். நம்ம மாமனாரும் சாகற வரைக்கும் இதத்தான் வெச்சிருந்தாரு" என்றார். அன்று விருந்தில் என்ன கறி போட்டார்கள் என்பது இராமலிங்கத்துக்குக் கடைசிவரை தெரியாது.

அதன்பிறகு, ஜில்லாவில் யாரிடமும் இல்லாத வண்டி ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. அது திருவண்ணாமலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. குன்னூர் தேயிலைத் தோட்டத்து மேனேஜர் ஒருவரிடமிருந்து ஒரு வெள்ளைக்காரர் வாங்கிவந்த கூரையில்லாத சிவப்புக் கார். தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு ஓடும் பழைய சீமை வண்டி. வெள்ளைக்காரர் இப்போது துறவில் இருந்தார். கறி, சிகரெட், கால்சட்டை எல்லாவற்றையும் துறந்துவிட்டார். காரையும் நல்ல விலை வந்தால் துறப்பதாக இருந்தார். இராமலிங்கத்தின் தரகர் விலை பேசி முடித்தாயிற்று. பார்த்துச் சொல்வதுதான் பாக்கி.

"நீ பாத்து நல்லாருக்குன்னு சொன்னா எடுத்துடலாம். அம்பாசிடரைக் கேட்டு ஆள் வந்திருக்கு, குடுத்துடறேன்" என்றார் முதலாளி வேணுவிடம்.

"அத ஓட்றது யாருங்க மொதலாளி?"

"நீதான்டா. பின்ன நானா?"

வேணுவுக்கு உள்ளே என்னவோ குதித்தது. அந்த வண்டியை அவன் பார்த்திருக்கிறான். அதைவிட, அதை ஓட்டிய முருகையனைப் பார்த்திருக்கிறான். வேணு லாரி ஓட்டிய காலத்தில் அவனிடம் கிளீனராக இருந்து, சக்கரத்துக்குக் கட்டை போட்டவன் முருகையன். இப்போது செங்கம் ரோட்டில் சொந்த மெக்கானிக் ஷெட். வெள்ளைக்காரரின் வண்டியைச் சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு, ஒரு முழங்கையை வெளியே போட்டு, முடி பறக்க, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் டீ குடிக்கப் போவான். அன்றெல்லாம் வேணுவுக்குச் சோறு இறங்காது.

மறுநாள் காக்கியைக் கழற்றி வைத்துவிட்டு, கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளை டெரிலின் சட்டையைப் போட்டுக்கொண்டான். மில்லுக்குப் பின்னால் இருந்த அறைதான் அவர்கள் வீடு. டிரைவர் வேலையோடு ஒட்டிய அறை. மனைவி உண்ணாமலை கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வண்டி பாக்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"எனக்கு ஒண்ணுதான் புரியும். வேலை போச்சுன்னா இந்த ரூமும் போச்சு. பாத்துப் பேசுங்க."

திருவண்ணாமலையில் ஒரு வேப்பமரத்தடியில் சிவப்புக் கார் நின்றது. வெள்ளைக்காரர் கண்ணை மூடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். விலை விஷயம் பேசினால் திறப்பார் என்றான் முருகையன். இராமலிங்கம் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். காளை வாங்கும்போது சுழி பார்ப்பதுபோல நெற்றி, முதுகு, பின்புறம் எல்லாம் குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினார். நம்பரைக் கூட்டிப் பார்த்து ராசியானதுதான் என்று தலையசைத்தார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து அப்படியே நின்றார்.

"பின் சீட்டு எங்க?"

"இதுல கெடையாதுங்க. ரெண்டு பேருக்குத்தான்" என்றான் முருகையன்.

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"டிரைவர் பக்கத்துலங்க. சீமைல பெரிய பெரிய துரைங்கல்லாம் அப்படித்தான்."

துரைகள் என்றதும் இராமலிங்கம் சமாதானமானார்.

வேணு டெரிலின் சட்டையைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் போனான். இடது சீட்டுக்குக் கீழே தகடு துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. மேலே ஒரு பலகையை வைத்து அதற்கும் சிவப்பு அடித்திருந்தார்கள். விரலால் அழுத்தினான், அப்பளம்போல் நொறுங்கியது. வெளியே வந்து எஞ்சினைப் போட்டுக் கியரை அசைத்தான். இரண்டாவது கியர் விழுந்தது, அடுத்த கணமே வெளியே துள்ளியது.

"இன்னாடா இது, செகண்டு நிக்க மாட்டேங்குது?" என்றான் மெதுவாக.

"கையால புடிச்சிக்கினா நிக்கும்ணா. லாரி மாதிரி மல்லுக்கட்டக் கூடாது. இது பூ மாதிரி."

"எனக்கே சொல்லிக் குடுக்கறியா?"

"உனக்கு வாணான்னா சொல்லு. நான் ஓட்டிக்கினு இருக்கேன்" என்று முருகையன் சிரித்தான்.

வேணு சட்டையை எடுத்து மாட்டி, மேல் பித்தான்வரைக்கும் போட்டான்.

மலையைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சுவாமியைச் சுற்றியதாகவும் ஆயிற்று, வண்டியைப் பார்த்ததாகவும் ஆயிற்று. இராமலிங்கம் வேட்டியை இழுத்துக்கொண்டு, குழிக்குள் இறங்குவதுபோலப் பக்கத்து சீட்டில் இறங்கினார். முழங்கால் இரண்டும் மார்பளவுக்கு வந்தன. வண்டி கிளம்பியதும் தலையில் ஒட்டவைத்திருந்த நாலு முடியும் காற்றில் எழுந்து நின்றன. துண்டை எடுத்து முண்டாசு கட்டிக்கொண்டார்.

வேணு வலது முழங்கையை வெளியே போட்டான். இடது கையால் கியரைப் பிடித்துக்கொண்டே ஓட்டினான். வழியெல்லாம் தலைகள் திரும்பின. அடி அண்ணாமலைக் கிராமத்தில் களத்திலிருந்த ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஒரு கிழவர் தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் வைத்துக்கொண்டார். இராமலிங்கம் பதிலுக்குக் கையை உயர்த்தினார். கிழவர் அவரைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்.

வழியில் ஒரு லிங்கக் கோயில் முன்னால் நிறுத்தினார்கள். பூசாரி தட்டோடு ஓடி வந்து, நேராக வேணுவிடம் நீட்டினார்.

"வாங்க மொதலாளி, புது வண்டியா? பேஷா இருக்கு. யாரு பேருக்கு அர்ச்சனை?" என்றவர், முண்டாசு பக்கம் திரும்பினார். "யோவ், இன்னா மரம் மாதிரி உக்காந்துக்கினு கீற? எறங்கி சக்கரத்துக்குக் கல்லு வையி. பள்ளமா கீதுல்ல?"

வேணு பதறிப்போய், "சாமி, இவருதான் மொதலாளி" என்றான். பூசாரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். முதலாளிக்கே உரிய பெருந்தன்மையில் வேணு விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, விபூதியை முதலில் அவனுக்கே கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் இராமலிங்கம் ரோட்டைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இருந்த வேணுவின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வேப்பமரத்தடியில் இறங்கியதும், "எப்படிக் கீது வண்டி?" என்றார்.

முருகையன் கையைத் துடைத்துக்கொண்டு வேணுவையே பார்த்தான். ஓட்டையையும் கியரையும் சொன்னால் வண்டி இங்கேயே நிற்கும். முருகையன் நாளைக்கும் முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போவான்.

"தங்கமான வண்டிங்க" என்றான் வேணு.

"குத்தம் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லீங்க."

"அப்ப எடுத்துடறேன்" என்றார் இராமலிங்கம். "ஆனா ஓட்றது நான்."

ஆவணி பிறந்ததும் ஒரு நல்ல நாளில் வண்டிப் பூஜை. அதற்குள் அம்பாசிடர் போய்விட்டது. இராமலிங்கம் மில் களத்தில் காலையும் மாலையும் ஓட்டிப் பழகி, கடலைக் குவியல்களில் ஏறி இறங்கினார். இரண்டாவது கியர் வெளியே வரும்போதெல்லாம் வேணுவைப் பார்த்தார். "குத்தமே இல்லன்னு சொன்னவன் நீதானே?" வேணு தலையைக் குனிந்துகொள்வான். சொல்லிக்கொடுப்பதற்காகத்தான் வேலை இன்னும் இருந்தது. பழகி முடித்த பிறகு என்ன என்று உண்ணாமலை தினமும் கேட்டாள்.

திருவண்ணாமலையில் ராஜகோபுரத்துக்கு முன்னால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இராமலிங்கம் ஸ்டியரிங்கில், கறுப்புக் கண்ணாடி, பட்டு அங்கவஸ்திரம். பக்கத்தில் அவர் மனைவி ராணியம்மாள், கால் வைத்தால் பலகை ஆடுகிறதென்று கால்களைத் தூக்கிக்கொண்டு. வேணு காக்கிச் சட்டையில் வெளியே நின்றான். பழம் நசுங்கியது. வண்டி நாலடி போய், ஒரு குலுக்குக் குலுக்கி, அணைந்துபோனது. மறுபடி போட்டார். மறுபடி அணைந்தது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் வேணா ஓட்டட்டுங்களா?" என்றான் வேணு கிட்டத்தில் போய்.

"எழுந்து உனக்கு எடம் குடுக்கணுமா? பின்னாடி போடா. தள்ளு."

வேணு தள்ளினான். மாடவீதியில் வண்டி தேர்போல நகர்ந்தது. இராமலிங்கம் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பி, தேவைக்கு அதிகமாகவே ஹாரன் அடித்தார். எதிரே ராமதாஸின் ஃபியட் வந்து பக்கத்தில் நின்றது. பின் சீட்டிலிருந்து ராமதாஸ் தலையை நீட்டினார்.

"குனிடா, தலை தெரியுது" என்றார் இராமலிங்கம், உதடு அசையாமல்.

வேணு குனிந்தான். முகம் நம்பர் பலகையில் ஒட்டியது.

"இன்னாண்ணா, எஞ்சின் சத்தமே கேக்கலியே!"

"சீமை எஞ்சின். அப்படித்தான்" என்றார் இராமலிங்கம்.

ராமதாஸின் முகம் சுருங்கியது. தன் முன்னால், ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த தன் டிரைவரின் பிடரியை, இதுவரை பார்த்திராத மாதிரிப் பார்த்தார். "போ" என்றார். ஃபியட் மெல்லக் கடந்தபோது, அதன் டிரைவருக்கு மட்டும் பக்கவாட்டில் தெரிந்தது: சிவப்பு வண்டிக்குப் பின்னால் இரண்டாக மடிந்த ஒரு காக்கி முதுகு, தெருவைத் தேய்த்துக்கொண்டு நகரும் இரண்டு வெறுங்கால்கள், ஒன்றின் விரலிடுக்கில் நசுங்கிய எலுமிச்சம்பழத் தோல்.