மைத்துனன் பூசிய சுவர்

மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்த தையல்காரரும் அவர் மனைவியும் ஐந்து நாள் கழித்து ஊர் திரும்பினார்கள். பேத்தியின் மூக்கு யாருடைய மூக்கு என்று வாதாடிக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தவர்கள் தங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். நாலு வாசல் தள்ளித்தான் தையல்காரருக்குச் சந்தேகம் தட்டியது. திரும்பி வந்து பார்த்தால், சிவப்புச் செங்கல் வீடு நின்ற இடத்தில் வழவழவென்று வெள்ளையாக ஒரு வீடு நின்றது. அதன் முன்னால் கையில் கரண்டியோடு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி மைத்துனன்.

அவன் கொத்தனார். அக்காள் மேல் உயிர்.

“எப்படி மாமா? முன்பக்கம் முழுக்கப் பூசி, வெள்ளையும் அடிச்சாச்சு. நாளைக்கு ஆபீசர் வர்றாங்கன்னு அக்கா சொல்லிச்சே, வீடு பளிச்சுன்னு இருக்கட்டும்னுதான்.”

“அடப்பாவி! ஆபீசர் வீடு பழசான்னு பாக்க வர்றாங்கடா. பொண்ணு பாக்கவா வர்றாங்க?”

நகராட்சி அந்தத் தெருவை அகலப்படுத்தப் போகிறது. அகலப்படுத்தினால் வீட்டின் முன்னறை போய்விடும். அந்த அறையில்தான் கணவனும் மனைவியும் எதிரெதிரே இரண்டு தையல் இயந்திரம் போட்டுப் பிழைத்தார்கள். நூறு வயதான கட்டடத்தை மட்டும் இடிக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. துணி தைக்க வந்தவர்களுக்கு அளவு எடுக்கும்போதெல்லாம் தையல்காரர், “இது நூத்தம்பது வருஷ வீடு. எங்க தாத்தாவுக்குத் தாத்தா கட்டினது” என்று சொல்லாமல் நாடாவைச் சுருட்டியதில்லை. கட்டிய வருடத்தைப் பொறித்த செங்கல் ஒன்று முன்சுவரில் இருந்தது. அதை யாரும் நின்று படித்ததில்லை. வேறு அத்தாட்சியும் இல்லை.

“ஏதோ கிறுக்கியிருந்துச்சு மாமா. பிள்ளைங்க வேலைன்னு நெனச்சு அதுமேல மட்டும் ரெண்டு தடவ பூசினேன்.”

“எந்த இடம்?”

“பூசினப்புறம் எல்லா இடமும் ஒண்ணாத்தானே தெரியும்? அதானே நல்ல பூச்சு!”

விடிந்ததும் உளியோடு இறங்கினார்கள். சன்னலுக்கு வலப்பக்கம் என்றார் தையல்காரர். வெறும் செங்கல்.

“முப்பது வருஷமா வாசல் கூட்டுறவ நான். கதவுக்கு மேல கொத்துடா” என்றாள் மனைவி. அங்கும் இல்லை.

அந்த வழியாக வந்த தபால்காரர் சைக்கிளில் இருந்தபடியே, “முழங்கால் உயரத்துல பாத்த ஞாபகம்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஏழு இடத்தில் கொத்தியதும் சுவர் அம்மை கண்ட முகம்போல ஆயிற்று. எட்டாவது இடத்தில், முழங்கால் உயரத்தில், எண்கள் எட்டிப் பார்த்தன. 1928.

தையல்காரர் விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். எப்படி எண்ணினாலும் தொண்ணூற்றாறுக்கு மேல் வரவில்லை.

“தாத்தாவுக்குத் தாத்தான்னியே மாமா? உன் தாத்தாவே அப்ப சின்ன வயசுக்காரராத்தான் இருந்திருப்பாரு.”

“வாய மூடு மாப்ள.”

மைத்துனன் கல்லில் இருந்த எட்டின் மேல் விரலை ஓட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். “எட்டோட இடப்பக்கத்த மட்டும் சிமெண்ட்டால அடைச்சா மூணு ஆயிடும். நூத்தியொரு வருஷம். கண் மூடித் தெறக்கிற வேலை.”

ஒரு உருண்டை சிமெண்டைக் குழைத்துக் கையில் எடுத்தும்விட்டான். அப்போது அதிகாரி அம்மாள் குடையும் ஃபைலுமாக வந்து சேர்ந்தார். எட்டுப் பொத்தலையும் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார். வாங்கிக்கொண்டு, தெருப் பக்கம் திரும்பி நின்று, மிக நிதானமாகக் குடித்தார்.

“இப்பவே” என்று சைகை காட்டினான் தம்பி. தையல்காரர் தரையைப் பார்த்தார். மனைவிக்கு முன்னறையும் இரண்டு இயந்திரங்களும் கண்ணுக்குள் வந்தன. கடவுளே, வாயைக் கொடுத்தவன் நீ, இப்போது அது சரியாகப் பேசவும் நீதான் உதவ வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

“அம்மா, வீட்டுக்குத் தொண்ணூத்தாறு வருஷந்தான் ஆகுது. இவரு நூத்தம்பதுன்னு ஊரெல்லாம் சொல்லிவச்சிருக்காரு. அத மனசுல வச்சுக்காதீங்க.”

அதிகாரி திரும்பினார். “கொத்தனார் கையில சிமெண்ட்டப் பாத்ததும் கொஞ்சம் பயந்துட்டேன். பொய் எழுதியிருந்தா நானும் பொய்க்குக் கையெழுத்துப் போட்டவளா ஆயிருப்பேன்” என்றார். ஃபைலைத் திறந்து 1928 என்று எழுதினார். “விதியில என்ன சொல்லியிருக்குன்னா, இடிக்க வர்ற அன்னைக்கு நூறு ஆகியிருக்கணும். இன்னைக்கு இல்ல.”

“அவங்க எப்ப வருவாங்க?”

“இந்த ஃபைல் பக்கத்து மேசையிலேர்ந்து என் மேசைக்கு வர ஒம்பது வருஷம் ஆச்சு. ரெண்டு மேசைக்கும் நடுவுல ஆறடி தூரம். இனிமே மாடிக்கு வேற போகணும்.”

தையல்காரர் கைகூப்பினார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று மனைவிக்கே தெரியவில்லை. உண்மை சொல்பவர்களுக்குக் கடவுள் எப்போதும் அற்புதம் செய்வதில்லை. சில நேரம் ஒரு மாடிப்படியை வைத்துக் காப்பாற்றிவிடுகிறார்.

அதிகாரி போனதும் மைத்துனன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். “அக்கா, இது இறுகுது. என்ன பண்ண?”

“கொல்லையில எலி வளை ஒண்ணு இருக்கு. போய் அத அட. வந்து மிச்சப் பூச்சையும் உரிச்சு எடு.”

“அஞ்சு நாள் வேலைக்கா!”

“நாலு வருஷம் இருக்குடா, மெதுவாப் பண்ணு. உக்காரு, மொதல்ல சாப்பிடு.”