ஒன்பதாவது கயிறு

தையல் மெஷினை எடுத்தால்தான் கூடத்தில் பெட்டியை வைக்க இடம் கிடைக்கும். விநாசித்தம்பி ஒரு பக்கமும் பக்கத்து வீட்டுக் காமாரியா மறுபக்கமுமாகத் தூக்கினார்கள்.

"மெல்ல அண்ணே. கால்ல போட்டுக்காதீங்க" என்றாள் காமாரியா.

பின்கட்டில் இறக்கி வைத்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. இருபத்தேழு வருஷமாக டத்தோ கிராமாட் வட்டாரத்தில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்த மெஷின் அது. கடைசி மூன்று வருஷமாக ராக்கெட்டுக்குப் பாராசூட்டும் தைத்தது. தைத்த புஷ்பராணி, அவர் மனைவி, நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

ராக்கெட் கம்பெனி முகம்மது கனியுடையது. சூலியா தெருவில் பணம் மாற்றும் கடை வைத்திருக்கும் குடும்பம். அவன் மட்டும் வெளிநாட்டில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்து, செபராங் ஜெயாவில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் கொட்டகை எடுத்து, ஏழு பேரோடு ராக்கெட் செய்ய ஆரம்பித்தான். மனைவியின் துணியைத் தைக்கக் கொடுக்க வந்தவன், புஷ்பராணியின் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கு ஒரு பாராசூட் தச்சுக் குடுப்பீங்களா?" என்று கேட்டான்.

"உங்க ராக்கெட்டு பூமிய சுத்துமா தம்பி?"

"சுத்தாதுக்கா. மேல போயி வானத்தோட ஓரத்த எட்டிப் பாத்துட்டு, திரும்பி வந்துடும். ஒருநாள் ஆளையும் ஏத்தி அனுப்புவேன்."

"திரும்பி வந்துடுமில்ல? அப்ப தைக்கிறேன்."

அன்றிலிருந்து அளவு பார்க்கவும் துணி வெட்டவும் வாரம் இரண்டு நாள் ஃபெரி ஏறி அக்கரையில் இருந்த கொட்டகைக்குப் போய்வந்தாள். சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு விநாசித்தம்பியும் கூடப் போவார். பள்ளிக்கூட ஆபீசில் எழுத்துவேலை பார்க்கும் கிராணியாக இருந்து ரிட்டையரானவருக்கு வேறு வேலை இல்லை. அவள் தைக்கும்போது எதிரே உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பார். "ராக்கெட்டுக்குப் பாவாடை தைக்கிறா" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

பத்து மணிக்குக் கனி வந்தான். கொட்டகை ஆட்கள் ஏழு பேரும் வந்து சுவரோரமாக நின்றார்கள். புஷ்பராணியின் அக்கா நல்லம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "தங்கச்சி ஒங்க கிட்ட நல்லா வேல செஞ்சாளா தம்பி?" என்று கேட்டாள்.

"அஞ்சு ராக்கெட் விட்டோம்மா. ரெண்டுல இன்ஜின் கோளாறு. ஒன்னுல பேட்டரி. அக்கா தையல் மட்டும் ஒரு தடவகூட விட்டதில்ல." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சனிக்கெழம பெருசு ஒன்னு விடறோம். கவர்மெண்டு ரெண்டு மணி நேரம் வானத்த நமக்கு ஒதுக்கிக் குடுத்திருக்கு. அதுலயும் அக்கா பாராசூட்டுதான்."

நல்லம்மா தலையை நிமிர்த்திச் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தாள். 'பாவாடை' என்று அன்று முதலில் சிரித்தவள் அவள்தான்.

விநாசித்தம்பி எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

நேற்றுக் காலை வார்டில் புஷ்பராணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, ஒன்னு சொல்வேன். திட்டக் கூடாது."

"சொல்லு புஷ்பம்."

"ஞாயித்துக்கெழம பாராசூட்டுல ஒம்பதாவது கயிறு தைக்கிறப்ப நைலான் நூல் தீந்துபோச்சு. கடையும் லீவு. ரவிக்க நூல் அதே கலர்ல கெடந்துச்சு. யாரு பாக்கப் போறாங்கன்னு போட்டுட்டேன். வீட்டுக்கு வந்ததும் நானே பிரிச்சுத் தச்சுடறேன். கனி கிட்ட சொல்லிடாதீங்க. வெக்கமா இருக்கு."

"சொல்லமாட்டேன்."

பாராசூட் வீட்டில் இல்லை என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது கனி வாசலில் நின்றிருந்தான். மடித்து வைத்திருந்த மூட்டையை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். அதைச் சொன்னால் கட்டிலை விட்டு இறங்கிவிடுவாள் என்று பயம். அவள் இரண்டு மடக்கு மைலோ குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பத்து லஞ்சாங் என்ற இடத்துச் சுடலையில் நல்லம்மாவின் மகன் கொள்ளி வைத்தான். எல்லாரும் வேனுக்குத் திரும்பும்போது விநாசித்தம்பி கனியின் முழங்கையைப் பிடித்து மரத்தடிக்கு அழைத்துப் போனார். அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடியே பேசினார்.

"கனி, அந்தப் பாராசூட்ட போடாதீங்க."

"ஏண்ணே?"

சொன்னார். ரவிக்கை நூலையும் சொன்னார், வெட்கத்தையும் சொன்னார். "அவகிட்ட சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்தேன்" என்று முடித்தபோதுதான் அன்று முதல்முறையாக அழுகை வந்தது.

"எத்தனாவது கயிறுன்னு சொன்னீங்க?" என்று கேட்டான் கனி.

"ஒம்பது."

"மூட்டைய நாளைக்குக் கொண்டாறேன். ஆளுங்ககிட்ட கயித்து நீளத்த மாத்தறோம்னு சொல்லிக்கிறேன். நமக்குள்ள இருக்கட்டும்லா அண்ணே."

வியாழக்கிழமை காலை பின்கட்டில் ஆரஞ்சு நைலான் விரிந்து கிடந்தது. விநாசித்தம்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சின்னக் கத்தரியால் ஒன்பதாவது கயிற்றைப் பிரிக்கத் தொடங்கினார். நூல் இலகுவில் வரவில்லை. மற்றக் கயிறுகளில் மூன்று வரித் தையல். இதில் போனவழியே திரும்பத் திரும்பப் போயிருந்தாள். எண்ணிப் பார்த்தார். பதினொரு வரி.

"பாவம், அக்காவுக்கு மனசு கேக்கலண்ணே" என்றாள் காமாரியா. தையல் தெரிந்த அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவர் நைலான் நூலைக் கோத்துக் கொடுக்க, அவள் உட்கார்ந்து தைத்தாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை ராக்கெட் விடும் கெடா கடலோரத்துக்கு அவர் போகவில்லை. துக்க வீடு. பதினொன்றரைக்குக் கனியிடமிருந்து டெலிபோன் வந்தது. காற்றும் ஆட்களின் கூச்சலுமாக இரைந்தது.

"தெறந்துருச்சுண்ணே! பதினெட்டு கிலோமீட்டர்! அப்படியே பூ மாதிரி எறங்குச்சு, கடல்ல படகுல போயி எடுத்தாச்சு. அண்ணே? கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்றார் விநாசித்தம்பி.

சாயங்காலம் கனி பாராசூட்டை ஈரமாகவே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். விநாசித்தம்பி அண்டாவில் நல்ல தண்ணீர் பிடித்து, உப்புப் போக மூன்று முறை அலசினார். முறுக்கிப் பிழியாமல், தண்ணீர் தானாக வடியும்படி கொடியில் போட்டார். ஒரு கொடி போதவில்லை. காமாரியா வேலிக்கு மேலாகத் தன் வீட்டுக் கொடியையும் இழுத்துக் கட்டினாள். அப்படியும் ஒரு பக்கம் தாழ்ந்து மண்ணைத் தொட்டது.

அவர் உள்ளே போய் ஒரு ஸ்டூலை எடுத்துவந்து போட்டார். தாழ்ந்த ஓரத்தை மடியில் ஏந்திக்கொண்டு, அது காயும் வரை உட்கார்ந்திருந்தார்.