வலிக்கவில்லை என்றார் பொன்சாமி

பொன்சாமிக்கு வலது கையைக் காது உயரத்துக்குத் தூக்க வராது. தோளைத் தாண்டினால் உள்ளே எலும்போடு எலும்பு உரசி, கண்ணில் தண்ணீர் முட்டிவிடும். தலை சீவுவது இடது கையால். சட்டை மாட்டிவிடுவது மனைவி கம்லா. இதெல்லாம் வெளியில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதில் மனுஷன் அத்தனை பிடிவாதம். ‘வலிக்கிறது’ என்று வாய் திறந்து சொல்லிவிட்டால் மானம் கப்பலேறிவிடும் என்று நினைக்கிற பிறவி. அப்படிப்பட்டவர்தான் வலிக்காகப் பென்ஷன் கேட்டு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றார் என்றால், அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல?

தோள் போனது லெபனானில். எண்பதுகளின் தொடக்கத்தில் ஐ.நா. அமைதிப் படைக்காகப் பிஜியிலிருந்து போன பட்டாளத்தில் அவரும் போனார். அவர் பிரிவில் இந்தியர் அவர் ஒருவர்தான், மற்றவர்கள் பிஜியின் பூர்வகுடிகள். சோதனைச் சாவடிக்கு அரண் கட்ட, மண் நிரப்பிய டிரம்களை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு டிரம் நழுவி, கீழே நின்ற சார்ஜெண்ட் அபிசாய் மேல் உருண்டது. பொன்சாமி பாய்ந்து தோளைக் கொடுத்தார். அபிசாயின் கால் தப்பியது, இவர் தோள் கழன்றது. அபிசாய்தான் கையைப் பிடித்து இழுத்து, எலும்பை மூட்டுக்குள் தள்ளிவிட்டு, “டாக்டரிடம் போ” என்றார். இவர் போகவில்லை. சபேட்டோ கரும்புத் தோட்டத்திலிருந்து வந்த இந்தியன் ஆஸ்பத்திரியில் படுத்தால், ‘இவனுக்கெல்லாம் துப்பாக்கி எதற்கு’ என்று சிரிப்பார்களே! மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் மண்வெட்டியைத் தூக்கினார். அதனால்தான் காயம் பட்டதற்கு ஒரு மருத்துவச் சீட்டுகூட இல்லாமல் போனது.

எண்பத்தேழில், இந்தியர் கை ஓங்கிவிட்டது என்று சொல்லி ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவர் முகாமில்தான் இருந்தார். யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கூட இருந்தவர்கள் துப்பாக்கியோடு தெருவுக்குப் போக, இவரை மட்டும் ஸ்டோரில் அரிசி மூட்டைகளுக்குக் காவல் வைத்தார்கள். அதற்கு அடியே தேவலை. சில மாதங்களில் சீருடையை மடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அப்போதும் ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணன் கனடாவுக்குப் போனார். தங்கைகள் ஆக்லாந்துக்குப் போனார்கள். பொன்சாமி போகவில்லை. “இந்த நாட்டுக்கு நான் தோளையே குடுத்தவன், நான் இன்னாத்துக்கு ஓடணும்?” என்பார். சபேட்டோ நிலத்தின் குத்தகை முடிந்தது. நாடி நகரத்து மார்டின்டாரில் ஒரு ஓட்டல் வாசலில் காவலாளி ஆனார். இரண்டாயிரத்தில் மறுபடி கலவரம், இரண்டாயிரத்து ஆறு டிசம்பரில் மறுபடி ராணுவம். சுற்றுலாவுக்கு வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது. ஓட்டல்காரன் ஆள் குறைத்தபோது, வாசல் தடுப்புக் கட்டையைத் தூக்க முடியாத காவலாளிதான் முதலில் கண்ணில் பட்டார்.

மகன் பிரனில், அப்பா அம்மாவை அழைத்துக்கொள்ள, பிரிஸ்பேனிலிருந்து குடியேற்றத்துக்கான ஏற்பாடெல்லாம் செய்து முடித்திருந்தான். கம்லா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: “பென்ஷன் வந்தா இங்கியே கெடப்போம். இந்த அப்பீலும் தோத்தா நான் புள்ளகிட்ட போறேன். அப்புறம் பேச்சு கூடாது.” பொன்சாமி ஒத்துக்கொண்டார். அவருக்குப் பிரிஸ்பேன் என்றாலே மகன் வீட்டுக் கீழ்த்தளத்தில் டி.வி. பார்த்துக்கொண்டு சாவது என்றுதான் பொருள்.

இரண்டு முறை மனு தள்ளுபடி ஆகியிருந்தது. காயம் பணியில் பட்டதற்கு ஆதாரம் இல்லையாம். மூன்றாம் முறைக்குத்தான் அபிசாய் சாட்சி சொல்ல வருகிறேன் என்றார். பொன்சாமி, பிஜியர்களிடம் உதவி கேட்கப் போனால் மரியாதைக்கு வைக்கிற யங்கோனா வேர் ஒரு கட்டோடு அவர் கிராமத்துக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்து கேட்க, அவர் கண் கலங்கிவிட்டாராம். பென்ஷன் குழு பக்கத்து ஊரான லௌடோகாவுக்கே வந்து விசாரிக்கும் என்று தகவல் வந்த அன்று, கம்லா சந்தோஷத்தில் நேராக நாடி முருகன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். வேண்டிக்கொண்டது தனக்காக இருந்தால் பரவாயில்லை. புருஷன் பேரில் வேண்டிக்கொண்டாள்.

“தைப்பூசத்துக்கு நீ காவடி எடுக்கறேன்னு சொல்லிட்டேன். அதே தோள்ல. முடியுமா?”

“ஏன் முடியாது?” என்றார் பொன்சாமி. வேறு என்ன சொல்லுவார்!

விரதம் இருந்தார், காப்புக் கட்டினார். தைப்பூசத்தன்று ஆற்றங்கரையில் குளித்துவிட்டு, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்து, வலது கையை இடது கையால் தூக்கிக் காவடித் தண்டில் வைத்து, மஞ்சள் துணியால் மணிக்கட்டைத் தண்டோடு சேர்த்துக் கட்டினார். முடிச்சைப் பல்லால் இறுக்கினார்; பார்ப்பவர்களுக்கு அதுவும் ஒரு காப்புத் துணி. பால் செம்பு ஆட ஆட, மயிலிறகு அசைய அசைய, கோயில் வரைக்கும் நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் தோளுக்குள் ஆணி இறங்கியது. முருகனாவது வந்து கொஞ்சம் தாங்குவான் என்று பார்த்தார், அவன் வந்ததாகத் தெரியவில்லை. முகத்தில் மட்டும் ஒன்றும் காட்டவில்லை. சாமி இறங்கிவிட்டது என்று பெண்கள் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். கம்லா அரோகரா போட்டுக்கொண்டே கூட நடந்தாள். கோயில் கமிட்டியைச் சேர்ந்த டாக்டர் விரேந்திரா வாசலில் மாலை போட்டு வரவேற்றார்.

அடுத்த வாரம் லௌடோகாவில் விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர். ஓரத்தில், மருத்துவ உறுப்பினராக, அதே டாக்டர் விரேந்திரா. அவரைப் பார்த்ததும் கம்லாவுக்கு முகம் மலர்ந்தது. நம்ம ஆள், முருகன்தான் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தாள்.

அபிசாய் எழுந்து, அன்று நடந்ததையெல்லாம் சொன்னார். “இந்த மனிதன் இல்லையென்றால் எனக்குக் கால் இல்லை” என்று கால்சட்டையைத் தட்டிக் காட்டினார். கர்னல் தலையாட்டினார். “காயம் பணியில் பட்டது. அதில் இனிச் சந்தேகம் இல்லை” என்றார். பொன்சாமிக்கு மூச்சு வந்தது. இத்தனை வருஷம் இந்த ஒரு பேச்சுக்குத்தானே காத்திருந்தார்!

அப்போது டாக்டர் தொண்டையைச் செருமினார். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாத மனுஷன், அதுதான் கொடுமை. உள்ளம் உருகிப் பேசினார்.

“நான் ஒன்றை மறைக்கக் கூடாது. போன வாரம் இவர் எங்கள் கோயிலில் காவடி எடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். வலது தோளில், வலது கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு தூரம் நடந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. எனக்கு மயிர் கூச்செறிந்தது. கடவுள் இவரைக் குணப்படுத்திவிட்டார்.”

கர்னல் பொன்சாமியைப் பார்த்தார். “உண்மையா? அப்போது வலித்ததா, இல்லையா?”

மஞ்சள் துணியைப் பற்றிச் சொன்னால் போதும். கையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள் என்றால் போதும். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? சாமி இறங்கவில்லை, கட்டிவைத்துக்கொண்டு ஏமாற்றினான் என்று ஆகும். காலில் தண்ணீர் ஊற்றியவர்கள் என்ன நினைப்பார்கள்? கம்லாவின் வேண்டுதல் என்ன ஆகும்? திரும்பிப் பார்த்தார். பின் பெஞ்சில் கம்லா கண் இமைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் பக்தியைத்தான் கண்டார். மனுஷனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

“வலிக்கவில்லை, ஐயா” என்றார்.

அபிசாய் மேசையில் கையை ஊன்றி எழுந்தார். “பொய் சொல்றான். லெபனானிலும் இப்படித்தான் சொன்னான்!” கர்னல் கையமர்த்தினார். டாக்டரே கண்ணால் பார்த்த பிறகு பரிசோதனை எதற்கு என்று விட்டுவிட்டார்கள். மத்தியானத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. காயம் பணியில் பட்டது உண்மை, இப்போது ஊனம் இல்லை. டாக்டர் வெளியே வந்து பொன்சாமியின் கையைப் பிடித்து, “நீங்கள் கொடுத்து வைத்தவர்” என்றார். பிடித்தது வலது கை.

ரெண்டு பேரும் பஸ் நிலையத்துக்கு வந்தார்கள். நாடி பஸ் வந்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. கம்லா அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

“காவடி எடுத்தப்போ ரொம்ப வலிச்சிச்சாய்யா?”

பொன்சாமி சுற்றுமுற்றும் பார்த்தார். தெரிந்தவர் யாரும் இல்லை.

“ரொம்ப” என்றார். “செத்துடலாம்போல இருந்திச்சு.”

கம்லா அவர் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லுவே, இப்ப சொல்லுவேன்னு ஒன் வாயையே பாத்துனு குந்தியிருந்தேன். சொல்லியிருந்தா முருகன் கோவிச்சுக்குவானா? நான் கோவிச்சுக்குவேனா? இந்த ஒரு வார்த்தைய அங்க சொல்றதுக்கு ஒனக்கு இன்னா வந்திச்சு?”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ரெண்டு பேர் உட்காரும் சீட்டு காலியாக இருந்தும், யாரோ ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பிரனிலுக்குப் போன் போட்டாள்.