மெர்வின் வாசித்த பிரசங்கம்

எங்கள் கோர்படி தமிழ்ச் சபையில் பெண்கள் பிரசங்க பீடத்தில் ஏறக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சனிக்கிழமைதோறும் என் மனைவி ஜெரால்டின் ஏறித்தான் அதைத் துடைக்கிறாள். ஏறி நின்று வாயைத் திறந்தால்தான் வேதத்துக்கு விரோதம்.

அவள் பள்ளிக்கூட ஆசிரியை. வேலைக்குப் போய்க்கொண்டே ஐந்து வருடம் தபால் வழியில் இறையியல் படித்துப் பட்டம் வாங்கியவள். ஒரே ஒரு ஞாயிறு பிரசங்கம் செய்ய வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை; சபைக்கே தெரியும். போதகர் காய்ச்சலில் படுத்த வாரம், "நான் பேசுறேன்னு கமிட்டியில சொல்லுங்க," என்றாள். சொன்னேன். அதாவது, சொல்லலாம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதற்குள் செயலாளர் ஜார்ஜ் ஐயா முடித்துவிட்டார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். சபையில் இன்றைக்கும் அவர் கொடி காட்டினால்தான் எதுவும் நகரும்.

"ஜெரால்டின் எழுதட்டும். நம்ம மெர்வின் நின்னு வாசிக்கட்டும். ஆம்பளப் பய வாசிச்சா ஒரு சிக்கலும் இல்ல. ஒரு எழுத்து மாத்தப்பிடாது, கேட்டியா மெர்வின்?"

எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும்தான் சொன்னேன், வெட்கக்கேடு.

மெர்வினுக்கு இருபத்தாறு வயது, மகர்பட்டாவில் ஐடி வேலை. இந்த மராத்தி ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான்; படிக்க வராது. அதனால் ஜெரால்டின் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியதை ஆங்கில எழுத்தில் அடித்து அவன் போனுக்கு அனுப்பினாள். "ஒரு தடவ படிச்சுப் பாத்துக்கோ," என்றாள். "டென்ஷன் மத் லோ அக்கா, பாத்துக்கறேன்," என்றான். பார்க்கவில்லை.

ஞாயிறு காலை பீடத்தில் ஏறி, போனைப் பார்த்து வாசித்தான். பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் அழுது ஜெபித்த கதை. அவள் உதடு அசைவதைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று ஆசாரியன் ஏலி கடிந்துகொண்டது வரை ஒழுங்காகத்தான் போனது.

"என் வயிற்றிலும் நாலு மாதம் ஒரு பிள்ளை இருந்தது," என்று வாசித்தான் மெர்வின். பெஞ்சுகளில் சிரிப்பு பரவியது. அவன் காது சிவந்தது. ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே, தொடர்ந்தான். "அது கலைந்த மறு ஞாயிறு இதே கோயிலில் உட்கார்ந்து அழுதேன். மூப்பர் ஒருவர் வந்து, ஆராதனைக்கு இடைஞ்சல் பண்ணாதே, வெளியே போய் அழு என்றார்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மூப்பர் ஜார்ஜ் ஐயா என்பது சபை முழுக்கத் தெரியும்.

மெர்வின் போனை இறக்கினான். "சாரி அக்கா. இது உங்களோடது. நீங்களே வாங்க."

ஜெரால்டின் எழுந்தாள். "கீழ நின்னே பேசும்மா," என்றார் ஜார்ஜ் ஐயா. அவள் காதில் வாங்காமல் படியேறினாள். போனைக்கூட வாங்கவில்லை.

"ஏலி தப்பா நினைச்சான். ஆனா விஷயம் தெரிஞ்சதும், சமாதானத்தோட போன்னு அவள ஆசீர்வதிச்சான். எனக்கு அந்த ஒரு வார்த்தையச் சொல்ல பதினோரு வருஷமா யாரும் வரல."

ஜார்ஜ் ஐயா பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார். எனக்குக் கண் கலங்கியது. அவள் அழுத அன்றும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனவனே நான்தான்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் டீயும், எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன கேக்கும். ஜார்ஜ் ஐயா முதலில் மெர்வினின் கையைக் குலுக்கி, "நல்ல செய்தி தம்பி," என்றார். பிறகு எங்களை நோக்கி வந்தார். ஜெரால்டின் டீயைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். இவ்வளவுக்குப் பிறகும் அவள் அந்த வார்த்தையை எதிர்பார்க்கிறாள் என்று தெரிந்தது. ஆண்டவரே, இந்த மனுஷன் சொல்லிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"கேக் ரொம்ப நல்லாருந்துச்சும்மா," என்றார்.

"அது இவர் செஞ்சது ஐயா," என்றாள் ஜெரால்டின். "நான் செஞ்சது பிரசங்கம்."