தியாகலிங்கத்தின் பெல்ஜியம்

மயிலிட்டியில் யாருக்காவது பெல்ஜியத்தைப் பற்றி ஐயம் வந்தால் தியாகலிங்கத்திடம்தான் கேட்க வேண்டும். அப்படி ஓர் ஐயம் அந்த ஊரில் எவருக்கும் வந்ததில்லை என்பது வேறு விஷயம். கப்பல் எஞ்சின் அறையில் இருபத்திரண்டு வருடம் எண்ணெயோடு மல்லுக்கட்டியவர், மூன்று வருடமாகக் கரையில் இருக்கிறார். புரூஜ் நகரத்து மணிக்கோபுரம், கென்ற் நகரத்துப் பெரிய தேவாலயம் என்று கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். மீன் வாங்கிக்கொண்டு போனவர்களை மறித்துவைத்து, மீன் நாறும்வரை சொல்லியதும் உண்டு.

இதில் ஒரு சின்னச் சிக்கல். அந்த இரண்டு நகரங்களையும் அவர் கண்ணால் கண்டதில்லை.

கப்பல் அன்ற்வேர்ப் துறைமுகத்துக்குப் போனால் இரண்டு நாளுக்குள் எஞ்சினைக் கழற்றிப் பூட்ட வேண்டும். மற்றவர்கள் ஊர் பார்க்கப் போவார்கள். இவர் எண்ணெய்க்குள் கிடப்பார். புறப்படும் நேரத்தில் துறைமுக வாசல் கடையில் படம் போட்ட தபாலட்டை ஒன்று வாங்கி, “இன்று இதைப் பார்த்தேன்” என்று மனைவி கனகாம்பிகைக்கு எழுதிப் போடுவார். கலியாணமான புதிதில் அவள் எழுதிய முதல் கடிதமே “அங்கே என்ன பார்த்தீர்கள்?” என்றுதான் கேட்டது. எண்ணெய் பார்த்தேன் என்று எழுத அவருக்கு வெட்கமாக இருந்தது.

எண்பத்து நாலாம் ஆண்டு தை மாதம், பிரசல்சில் இருந்து கனகாம்பிகையின் தம்பி சீவரத்தினம் எழுதினான். போன ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அக்காவை நினைத்தால் நித்திரை வருவதில்லை, சித்திரையில் இருவரும் வந்து பத்து நாள் நின்றுவிட்டுப் போங்கள், ஊர் சுற்றிக் காட்ட அத்தான் இருக்கிறார்தானே என்று முடித்திருந்தான். தியாகலிங்கம் அந்தக் கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார்.

கனகாம்பிகை கொழும்பைத் தாண்டாதவள். அன்று பின்னேரமே புதுக் கொப்பி ஒன்றில் கோடு போட்டு, பத்து நாளுக்கும் இடம் விட்டாள். பிஸ்கற் தகரத்தில் இருந்த பதினொரு தபாலட்டைகளையும் படம் மேலே தெரிய மேசையில் பரப்பினாள். முதல் நாளை வெறுமையாக விட்டுவிட்டு இரண்டாம் நாளில் தொடங்கினாள்.

“இஞ்சாருங்கோ, புரூஜ் கோபுரத்திலை ஏறினனீங்கள்தானே. எத்தினை படி?”

“நூறு வரும்.”

“மேலை நிண்டால் கடல் தெரியுமோ?”

“வடிவாத் தெரியும்.”

“அந்த வாய்க்காலெல்லாம் உப்புத் தண்ணியோ, நல்ல தண்ணியோ?”

இவளுக்குள் இவ்வளவு கேள்வி இருந்ததா என்று அவருக்கு ஆச்சரியம். பயத்தோடு பயமாக ஒரு சந்தோஷமும் வந்தது.

“கென்ற் கோயிலிலை செருப்பை எங்கை கழட்டி வைக்கிறது?”

“வாசலிலைதான். பாத்துக்கொள்ள ஒரு கிழவன் இருப்பான்.”

பென்சில் நின்றது. “அங்கை சப்பாத்தோடைதான் உள்ளுக்குப் போறவையாம். தம்பி எழுதினவன்.”

“அது... இப்ப மாத்தியிருப்பினம்.”

இனி வாயைத் திறந்தால் முழுப் பெல்ஜியமும் சரிந்துவிடும் என்று அவருக்கு விளங்கியது. “இஞ்சாரும், எனக்கு முழங்கால் நோகுது. குளிர் உமக்கும் ஒத்துவராது. இந்தப் பயணம் வேண்டாம்.”

அவளுடைய முகம் வாடியது. அதைப் பார்க்க அவருக்குத் தன் பொய்யைவிட அதிகமாக வலித்தது. அவள் தபாலட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள்.

“இதை வாசியுங்கோ.”

“இன்று புரூஜில்...”

“எழுத்தை விடுங்கோ. மேலை குத்தியிருக்கிற தபால் முத்திரையை வாசியுங்கோ.”

அன்ற்வேர்ப். அடுத்ததும் அன்ற்வேர்ப். பதினொன்றும் அன்ற்வேர்ப்.

கடிதம் வந்தால் கப்பல்காரர்களின் மனைவிமார் முதலில் பார்ப்பது தபால் முத்திரையைத்தான். எந்தத் துறையில் கப்பல் நிற்கிறது என்று அதைப் பார்த்துக் கலண்டரில் குறித்த பிறகுதான் எழுத்துக்கு வருவார்கள். இருபத்திரண்டு வருடக் கலண்டர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக மேசைக்கு மேல் சுவரில் தொங்கின. தியாகலிங்கத்துக்கு இது தெரியாததல்ல. பொய் எழுதிய அவசரத்தில் மறந்துபோனார்.

“எப்பத் தொட்டுத் தெரியும்?”

“முதல் போஸ்ற்காட் வந்த அண்டைக்கே. பாத்த ஊரிலை இருந்தெல்லோ காட் போடுவினம்.”

“ஏன் கேக்கேல்லை?”

“கேட்டால் எழுதாமல் விட்டிடுவியள்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கொப்பியைத் திருப்பி, வெறுமையாக இருந்த முதல் நாளில் பென்சிலை வைத்தாள். “நீங்கள் நிண்ட இடத்தை எனக்கு முதல் காட்டுங்கோ. அங்கையிருந்து என்ன தெரியும்?”

“கப்பலிலை நான் படுக்கிற அறையின்ரை வட்ட யன்னலாலை ஒரு கோபுரத்தின்ரை நுனி தெரியும்,” என்றார் மெதுவாக. “பதினொரு தரமும், அடுத்தமுறை கட்டாயம் போவம் எண்டு நினைச்சனான்.”

அதை அவள் எழுதிக்கொண்டாள். பிறகு அழிறப்பரை எடுத்தாள்.

“அப்ப புரூஜிலை எத்தினை படி?”

“தெரியாது.”

நூறை அழித்து, தூசியை ஊதிவிட்டாள். “முழங்கால் நோகேக்கை படியிலை இருந்து இருந்து எண்ணுவம்,” என்றாள்.