கொளஞ்சிக்குப் பிடித்தது

ஜாங்கிரிப் பொட்டலத்தின் மேல் பன்னீர் சோடா பாட்டில் சாய்ந்துவிடாமல் இருக்க, சூர்யகலா ஒரு பழைய துண்டைச் சுருட்டிக் கூடையின் நடுவில் செருகினாள். மசால் போண்டா இன்னும் சூடாக இருந்தது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் விடிந்ததும் ஆளனுப்பி முதல் ஈடு வாங்கிவரச் செய்திருந்தாள். மாமியாரின் பால் தெளியில் எந்தக் குறையும் வந்துவிடக் கூடாது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

கொளஞ்சி போய் இது மூன்றாம் நாள். திங்கட்கிழமை மத்தியானம் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு, "கொஞ்ச நேரம் படுக்கறேன், ஃபேன போடுடி" என்று படுத்தவள்தான். சாயங்காலம் டீயோடு போய் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. யாருக்கும் ஒருநாள் பேஜாரு வைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று தெருவே மெச்சியது. சூர்யகலாவுக்கு அதுதான் ஆத்திரம். ஒரு வாரமாவது படுக்கையில் கிடந்து, இதைக் கொடு அதைக் கொடு என்று கேட்டு உயிரை வாங்கியிருக்கலாம். செய்து போட்டுவிட்டோம் என்ற நிம்மதியாவது மிஞ்சியிருக்கும்.

அந்த நிம்மதிக்கு இனி இன்று ஒருநாள்தான் பாக்கி. புதைத்த இடத்தில் பால் தெளித்து, இலை போட்டு, போனவருக்கு வாய்க்குப் பிடித்ததை வைத்துவிட்டு வருவது அந்தத் தெரு வழக்கம். இடுகாட்டுக்கு ஆண்கள் போவார்கள். கூடை கட்டிக் கொடுப்பது வீட்டு மருமகளின் வேலை. அதில் என்ன வைக்க வேண்டும் என்று சூர்யகலா யாரையும் கேட்கவில்லை. கேட்பானேன்? சர்க்கரை வியாதிக்காரிக்கு மருமகள் பூட்டி வைத்ததையெல்லாம் கொளஞ்சி கடைத்தெருவில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவாள் என்பது ஊருக்கே தெரியும். மாத்திரையையும் ஜாங்கிரியையும் ஒரே முந்தானையில் முடிந்துவைத்திருந்த மகராசி அவள்.

"இன்னாம்மா, ஆச்சா? வெயிலு ஏறுது. ஜல்தி, ஜல்தி," என்று வாசலில் இருந்து குரல் கொடுத்தார் சீனுவாசன். கொளஞ்சியின் கொழுந்தனார். எந்தக் காரியத்துக்கும் முதல் ஆளாக வந்து அவசரப்படுத்துவார்.

"ஆச்சி மாமா, இதோ."

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி உள்ளே வந்தாள். கொளஞ்சியைப் போலவே புருஷனை இழந்தவள். சாயங்காலமானால் இரண்டு பேரும் ஜோடி போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவார்கள். மூன்று நாளாக அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. கூடையை எட்டிப் பார்த்தாள்.

"போண்டா வெச்சிருக்கியா?"

"அத்தைக்கு உசுராச்சே, பெரிம்மா."

"அவளுக்கு எங்க? அது ராஜாங்கத்துக்கு."

சூர்யகலாவுக்குப் புரியவில்லை. ராஜாங்கம் அவளுடைய மாமனார். நெல்லு மண்டியில் மூட்டை தூக்கியவர். அவள் இந்த வீட்டுக்கு வருமுன்பே போய்விட்டவர்.

"நெனப்பு வந்தா கடைக்குப் போவா. 'எங்க வூட்டுக்காரருக்கு ஒரு போண்டா குடு'ன்னு கேட்டு வாங்கி, அவளே துன்னுவா. துன்னுட்டு, 'அந்த மனுஷன் இருந்தா இன்னொண்ணு கேப்பாரு'ன்னு மறுபடியும் வாங்குவா."

"அப்ப சோடா?"

"அது சின்னவனுக்கு."

பால் சொம்போடு நின்றிருந்த சூர்யகலாவின் புருஷன் வெற்றிச்செல்வன் திரும்பினான். "ஆமா, அருளு பன்னீர் சோடாதான் குடிப்பான்," என்றான். மஞ்சள் காமாலையில் செத்துப்போன தம்பியின் பேரை அவன் வீட்டில் சொல்லி வருஷக்கணக்காகியிருந்தது. சொன்னதும் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இதுக்குத்தாண்டி அவ வூட்ல சொல்லல. 'எம்மவன் அழுவான், எம்மருமவ சுகருன்னு கத்துவா, நமக்கு எதுக்கு வம்பு'ன்னுவா," என்றாள் பாஞ்சாலி. "ஜாங்கிரி அவ அக்கா பூமாலைக்கி. நான் பக்கத்துலயே நின்னு கேட்டிருக்கேன்."

சூர்யகலா கூடைப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாக நாக்கு நீளம் என்று தான் திட்டிய மாமியார், ஒருநாள்கூடத் தனக்கென்று எதையும் வாங்கித் தின்னவில்லையா?

"அழுதுக்கினேவா துன்னாங்க, பெரிம்மா?"

"யாரு, அவளா? அவ மொகத்த நீ பாத்திருக்கணும். எண்ண வழிய வழியச் சிரிச்சிக்கினு துன்னுவா. சோடா குடிச்சிட்டு ஏப்பம் வுட்டா, 'அருளு வுட்டுட்டாண்டி'ன்னு சொல்லுவா. நானுந்தான் சிரிப்பேன். அவகூடப் போவ ஆரம்பிச்சப்புறந்தான் எங்க வூட்டு ஆம்பளைய நெனச்சா எனக்கு அழுவ வராம போச்சி."

"அப்ப அத்தைக்குன்னு இன்னா வெக்கிறது?" சூர்யகலா புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, உங்க அம்மாவுக்கு இன்னா புடிக்கும்?"

வெற்றிச்செல்வன் யோசித்தான். நாற்பத்து சொச்சம் வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன். "அம்மா எது குடுத்தாலும் துன்னும்," என்றான் கடைசியில். சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

"அதான் இம்மாம் இருக்கே, போதும் எடும்மா," என்றார் சீனுவாசன்.

"இல்ல மாமா. இதெல்லாம் மத்தவங்களுது. அவங்களுக்குன்னு ஒண்ணு வேணும்." அவள் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வெறும் வாயோட அனுப்ப மாட்டேன்."

சீனுவாசனே அவசரத்தை விட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார்.

பாஞ்சாலி நெற்றியைத் தட்டிக்கொண்டாள். "இருடி. ஒண்ணு இருக்கு. எலந்தவட! வெள்ளிக்கெழமையானா நான் மாரியம்மன் கோயிலுக்குப் பூடுவேன். அன்னிக்கி அவ ஒண்டியாத்தான் தெருக்கோடி பெட்டிக்கடைக்குப் போவா. நான் வர்றப்ப அத வாயில போட்டு ஒதுக்கிக்கினு ஒக்காந்திருப்பா. பாதிப் பல்லு இல்ல, கொட்டத்தூளு ஈறுல குத்தும், புளிப்புக்கு மூஞ்சிய கோணிக்குவா. ஆனாலும் வுட மாட்டா. அம்மாம் கஷ்டப்பட்டுத் துன்றான்னா அது அவளுக்குப் புடிச்சதாத்தான இருக்கணும்?"

சூர்யகலா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பின்னாலேயே பாஞ்சாலியும் மூச்சிரைக்க வந்தாள். பெட்டிக்கடை வெங்கடாசலம் அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றான். துக்க வீட்டுக்காரர்கள் வந்தால் என்ன பேசுவது என்று தெரியாமல், வேட்டி மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"அண்ணா, எங்க அத்தைக்கு எலந்தவட புடிக்குமாமே?"

"புடிக்குமான்னு தெரியாதும்மா. வெள்ளிக்கெழம தவறாம வாங்கும். 'எங்க சம்பந்தியம்மாவுக்கு ஒண்ணு குடு'ன்னு கேக்கும்."

சூர்யகலா கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருநா கேட்டேன், உங்க சம்பந்தியம்மா எந்த ஊருன்னு. வளவனூருன்னுச்சி. அவங்க இங்கல்லாம் வரமாட்டாங்களான்னேன். 'நானே அவள பாத்ததில்ல, நீ எங்கடா பாக்கப்போற'ன்னு சொல்லிட்டு, இங்கியே நின்னு துன்னுட்டுப் போச்சி."

கொளஞ்சிக்கு ஒரே மருமகள், ஒரே சம்பந்தி. சூர்யகலாவின் அம்மா வளவனூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவள். மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போதே காய்ச்சலில் செத்துப்போனாள். மாட்டி வைக்க ஒரு போட்டோகூடக் கிடையாது. புகுந்த வீட்டில் அவளைப் பற்றிச் சூர்யகலா பேசியது ஒரே ஒரு தடவை. தொண்ணூற்று மூன்றில், கல்யாணமான வருஷம், தலைச்சனை வயிற்றில் சுமந்துகொண்டு மாமியாரோடு விழுப்புரத்தில் இருந்து பஸ்ஸில் வந்தாள். வழியெல்லாம் வாந்தி. நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வாய்க்கு என்ன வேணும் சொல்லு என்று கேட்டாள் கொளஞ்சி. எலந்தவடை என்றாள் இவள். எங்கம்மாவுக்கும் அதுன்னா உசுரு, கரும்பு வெட்டப் போறப்பகூட முந்தானியில முடிஞ்சிக்கினு போவும் என்று சொல்லிவிட்டு, பஸ் என்றும் பாராமல் அழுதாள்.

அவ்வளவுதான். அப்புறம் பிள்ளைகள், தையல் மெஷின், சீட்டுப் பணம் என்று ஓடியதில் அம்மாவை நினைக்கவே நேரமில்லாமல் போயிற்று. அவள் எலந்தவடை தின்றே எத்தனையோ வருஷமாகிறது. இங்கே ஒருத்தி, பல்லில்லாத வாயால், முகம் தெரியாத சம்பந்திக்காக வெள்ளிக்கிழமை தோறும் தின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

பாஞ்சாலிக்கும் மெல்ல விளங்கியது. "அடிப்பாவி, அப்ப இதுவும் அவளுது இல்லியா?" என்றாள்.

சூர்யகலா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். "நாலு குடுங்கண்ணா," என்றாள்.

வெங்கடாசலம் காசு வாங்க மறுத்துவிட்டான். சரத்தில் இருந்து நாலு பொட்டலத்தைக் கிழித்து அவள் கையில் வைத்தான்.

ஆண்கள் தெருமுனை வரை வந்து நின்றிருந்தார்கள். கூடை வெற்றிச்செல்வன் தலையில் இருந்தது. போண்டா, சோடா, ஜாங்கிரி எதையும் அவள் எடுக்கச் சொல்லவில்லை. அவரவர் ஆட்களுக்கு அத்தையே கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"கெடச்சிதா? இன்னாது?"

"எலந்தவட."

"அம்மாவுக்கு எலந்தவட புடிக்குமா? எனக்குத் தெரியவே தெரியாதே."

"எனக்குந்தான் தெரியல," என்று சொல்லி, இரண்டு பொட்டலங்களைக் கூடையில் வைத்தாள். "இலையில மொதல்ல இத வைங்க. பொட்டலத்தப் பிரிச்சி வைங்க. அப்படியே வெச்சிட்டு வந்துறாதீங்க."

சங்கு ஊதுபவரோடு சீனுவாசன் முன்னால் நடந்தார். சங்குச் சத்தம் ரைஸ் மில்லைத் தாண்டித் தேய்ந்துபோகும் வரை பெண்கள் இரண்டு பேரும் தெருமுனையிலேயே நின்றார்கள். வெயில் ஏறிவிட்டிருந்தது. மின்சாரக் கம்பத்தின் நிழலில் சூர்யகலா ஒரு பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். புளிப்பும் காரமும் ஒன்றாக ஏற, கண்ணில் தண்ணீர் முட்டியது.

பாஞ்சாலி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குடி துன்ற?"

சூர்யகலா மென்றுகொண்டே இருந்தாள். கொட்டைத்தூள் பல்லில் நெறுநெறுத்தது. மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பாஞ்சாலியிடம் நீட்டினாள்.